நீ கேட்பது அவர்களுக்குத் தெரியுமா

கண்ணு,

இந்த நேரத்தில் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. காலையில் எழுந்ததும் அம்மாவிடமிருந்து இவ்வளவு நீளமாக ஒன்று வந்திருப்பதைப் பார்த்தால் நைனாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்றுதான் உனக்கு முதலில் தோன்றும். அவருக்கு ஒன்றும் இல்லை. விடிவதற்குள் பால் வண்டியை எடுக்கவேண்டும் என்று சீக்கிரமே படுத்துவிட்டார். குறட்டை சமையலறை வரைக்கும் கேட்கிறது. எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. பகலில் எழுதியிருக்கலாம். ஆனால் பகலில் யாராவது கூப்பிடுவார்கள், அடுப்பில் ஏதாவது பொங்கும், அதைச் சாக்காக வைத்து நானே நிறுத்திவிடுவேன். போனில் சொல்லலாம் என்றால், நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று அடுக்கிவிடுகிறாய். அதனால் எழுதுகிறேன். ரூமில் உன்னோடு இருக்கும் பையன்கள் எட்டிப் பார்க்காத இடமாகப் பார்த்து உட்கார்ந்து படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டபோது உன் குரலில் அவ்வளவு சந்தோஷம். வேலையில் சேர்ந்த இத்தனை மாதத்தில் ஆபீஸில் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அந்த வாரம்தான் என்றாய். உங்கள் ஃபேக்டரியில் பெண்களுக்கென்று ஒரு கூட்டம் ஆரம்பிக்கிறார்கள், மனசில் இருப்பதை, வேலையில் இருக்கும் கஷ்டத்தை, மேலே என்ன படிக்க ஆசை, என்ன ஆக ஆசை என்பதையெல்லாம் அவர்கள் மனம் விட்டுப் பேசலாம், ஹைதராபாத்திலிருந்து ஒரு மேடம் வந்து நடத்துகிறார் என்று சொன்னாய். நான் கூட, "பரவாயில்லையே, நல்ல கம்பெனியாத்தான் கீது" என்றேன். அப்புறம்தான் உன் வேலை என்ன என்று கேட்டேன். நீ சிரித்தாய். "எனுக்கு அந்த ரூம்ல வேலையே இல்ல மா. அவங்க பேசறது ரெக்கார்டு ஆவும். மெஷினே அத்த எழுதிடும். ஆனா நம்ம பக்கத்துத் தமிழ் அதுக்குப் புரியல. 'போய்க்கினு கீறேன்'னா அது கண்டதையும் எழுதுது. நகரி, புத்தூர், சத்தியவேடு பொம்பளைங்க எல்லாம் தமிழ்லதான் பேசுவாங்க. அதான் என்னப் போட்டாங்க. ஹெட்ஃபோன் மாட்டிக்கினு கேட்டு, தெலுங்குலயும் இங்கிலீஷ்லயும் எழுதிக் குடுத்தா போதும். இத்த ஒழுங்கா பண்ணா கன்ஃபர்ம் பண்ணிட்றேன்னு சார் சொல்லிட்டாரு."

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நீ கேட்பது அவர்களுக்குத் தெரியுமா என்று. "தெரியணும்னு இன்னா கீது மா? பேரே போட மாட்டோம்" என்றாய். உடனே கம்பெனி பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாய். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி பஸ் ஏது? அன்றிலிருந்து நான் என்ன அனுப்பினாலும் ஒரு கட்டைவிரல் படம் வருகிறது. வருகிற திங்கட்கிழமை முதல் கூட்டம். அதற்கு முன்னால் உன்னிடம் சிலதைச் சொல்லியாகவேண்டும். இது உன் கம்பெனியைப் பற்றியது இல்லை. அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. இது நான் பார்த்ததைப் பற்றியது.

சித்தூரில் நான் வேலை பார்க்கும் மாங்கூழ் கம்பெனிக்கு நீ ஒருமுறை வந்திருக்கிறாய், லேபைப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு போனாய். அறுக்கும் ஹாலுக்குள் நீ போனதில்லை. தோதாபுரி, அதுதான் கிளிமூக்கு மாம்பழம், வர ஆரம்பித்துவிட்டால் அங்கே பெண்கள் ஷிஃப்ட் ஷிஃப்டாக நின்றுகொண்டே இருப்பார்கள். தலைக்கு வலை, கைக்கு உறை, காலுக்குக் கீழே எப்போதும் தண்ணீர். நான் கூழின் இனிப்பைச் சோதிக்கக் கிண்ணத்தோடு அந்த வழியாகத்தான் போவேன். வெதுருகுப்பம் பக்கத்திலிருந்தும் நகரி பக்கத்திலிருந்தும் வேனில் வருகிறவர்கள். சீசன் முடிந்தால் எல்லாரும் வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த வருஷம் பழம் வருவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஆள் சேர்க்கும் மேஸ்திரி ஒவ்வொருத்தருக்கும் போன் செய்வார். "நாளன்னைக்கி வண்டி வரும், ரெடியா இரு." அவ்வளவுதான் வேலை உத்தரவு. யாரையும் எங்கள் கம்பெனியில் வேலையை விட்டு அனுப்பினதாகச் சரித்திரமே கிடையாது. வேண்டாம் என்றால் போன் வராது. ஏன் வரவில்லை என்று யாரும் யாரையும் கேட்கவும் முடியாது, ஏனென்றால் யாரும் ஒன்றும் செய்யவில்லையே.

நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்த ஒரு சீசனில் எங்களுக்கும் இப்படி ஒரு கூட்டம் வைத்தார்கள். வெளிநாட்டில் கூழ் வாங்குகிறவர்கள் கேட்டார்களாம். ஒரு மேடம் வந்தார். பருத்திச் சேலை, மெதுவான குரல், யாரையும் "நுவ்வு" என்று ஒருமையில் பேசாத தெலுங்கு. பேக்கிங் ஹாலில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு, டீயும் மைசூர் போண்டாவும் கொடுத்து, "பேசுங்கம்மா" என்றார். யாரும் வாயைத் திறக்கவில்லை. தெலுங்கு எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். கடையிலும் ஆபீஸிலும் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்திலும் அதில்தான் பேசுகிறார்கள். ஆனால் அழவேண்டிய விஷயத்தை அதில் சொல்லி அவர்களுக்குப் பழக்கம் இல்லை. மேடத்துக்கு அது புரிந்துவிட்டது. "உங்கள் பாஷையிலேயே பேசுங்கள். எனக்குத் தமிழ் ஒரு சொல் வராது. எனக்குப் புரியவேண்டும் என்று இல்லை, உங்கள் பாரம் இறங்கினால் போதும்" என்றார். இவ்வளவு அழகாக ஒருவர் எங்களிடம் பேசி நாங்கள் கேட்டதில்லை.

எங்கள் ஜனங்கள் எவ்வளவு உஷார் தெரியுமா? சித்தூரில் தமிழ் புரியாத ஆளைத் தேடவேண்டும். அதனால் முதலில் சூப்பர்வைசரை வெளியே அனுப்பினார்கள். டீ ஊற்றிக்கொண்டிருந்த ஆளை, "அண்ணா, நீ கெட்டில வெச்சிட்டு கெளம்பு" என்றார்கள். கதவுக்கு வெளியே வாட்ச்மேன் நிற்கிறானா என்று ஒருத்தி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். மேடத்தின் போன் மேஜைமேல் இருந்தது. பேசுவது பதிவாகிறது, ஞாபகத்துக்கு என்று அவரே சொல்லித்தான் வைத்தார். அதை ஒருத்தரும் ஒரு பொருட்டாக எடுக்கவில்லை. ஆட்களுக்குத்தானே காது இருக்கும். போனுக்கு இன்னா தமிழ் தெரியும்? நானும் டிகிரி படித்தவள், அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. தமிழைத் திரை மாதிரி இழுத்துவிட்டுக்கொண்டு, அதற்குப் பின்னால் இருப்பதாக நினைத்துக்கொண்டோம்.

முதலில் பேசியவள் தேவகி. வெதுருகுப்பத்துக்காரி, முப்பது வயது தாண்டியிருக்கும், ஹாலில் எல்லாருக்கும் ஏதாவது பட்டப்பெயர் வைப்பாள். "இன்னாத்த சொல்றது மேடம், மாம்பழம் அறுத்து அறுத்து என் வூட்டுக்காரன் மூஞ்சகூட தோதாபுரி மாதிரியே தெரியுது" என்று ஆரம்பித்தாள். "உன் வூட்டுக்காரனுக்கு மூக்கு அப்டித்தானமே?" என்று ஒருத்தி எதிரிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மேடமும் சிரித்தார், என்னவென்று புரியாமலே. அப்புறம் தேவகி அதே சிரிப்போடு மற்றதையும் சொன்னாள். மாதவிலக்கு நாளில் கழிவறைக்குப் போனால் சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது. கூழ் மெஷினை ஓட்டக் கற்றுக்கொள்கிறேன் என்று கேட்டதற்கு, "அது ஆம்பளைங்க வேல" என்று அனுப்பியது. அதற்குப் பத்தாவது பாஸ் ஆகியிருக்கவேண்டும் என்று யாரோ சொன்னதால் வீட்டுக்குத் தெரியாமல் சித்தூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் போய்க்கொண்டிருப்பது. புருஷனிடம் ஹால் கழுவும் வேலை என்று சொல்லியிருந்தாள். "சின்னப் புள்ளைங்க பெஞ்சு யக்கா. உக்காந்தா முட்டி இடிக்குது. ஆனா அது இடிக்கறதே எனுக்குப் புடிச்சிருக்குது" என்றாள். பெண்கள் கைதட்டினார்கள். எங்கள் ஹாலில் கைதட்டுச் சத்தம் கேட்டது அன்றைக்குத்தான். ஒருத்தி எழுந்துபோய் அவள் முட்டியைத் தடவிவிட்டு, "நல்லா இடிமே, பாஸ் பண்ற வரைக்கும் இடி" என்றாள்.

அந்தச் சூட்டில் நானும் பேசினேன். என்ன பேசினேன் என்று இப்போது உன்னிடம் சொல்லவேண்டும். வேறு யார் வாயிலாவது நீ இதைக் கேட்கக்கூடாது.

உனக்கும் எனக்கும் வயது வித்தியாசம் அதிகம் இல்லை. பஸ்ஸில் உன்னை என் தம்பி என்று நினைத்த கதையை நீயே எல்லாரிடமும் சொல்வாய். காலேஜ் முதல் வருஷ முடிவில் கல்யாணம். இரண்டாம் வருஷம் கெமிஸ்ட்ரி லேபில் அமோனியா வாசனைக்கு வாந்தி வந்தபோதுதான் நீ இருப்பதே எனக்குத் தெரிந்தது. நான் சந்தோஷப்படவில்லை, கண்ணு. படிப்பு போய்விடும் என்று அழுதேன். யாரிடமும் சொல்லாமல் ஒரு நாள் காலேஜுக்கு என்று கிளம்பி, சித்தூர் பஸ் ஸ்டாண்டில் வேலூர் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றேன். வேலூரில் ஒரு டாக்டரம்மா இருப்பதாகக் கூடப் படித்தவள் சொல்லியிருந்தாள். பஸ் வந்தது, நிரம்பியது, போனது. நான் ஏறவில்லை. அப்போதே உன்மேல் பாசம் வந்துவிட்டதால்தான் ஏறவில்லை என்று எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். அது பொய். தனியாக அவ்வளவு தூரம் போகத் தைரியம் இல்லை. பாசம் பிறகு வந்தது. நீ பிறந்த அன்றைக்குக்கூட வரவில்லை. கைக்குழந்தையாக ஒரு நாள் என் மூக்கைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாய், நான் இழுக்க இழுக்கச் சிரித்தாய். அன்றைக்கு வந்தது. அதற்குப் பிறகு குறையவே இல்லை. இப்போது இந்த நேரத்தில் உட்கார்ந்து இதை எழுதவைப்பதும் அதுதான்.

இதை நான் உன் நைனாவிடம் சொன்னதில்லை. என் அம்மாவிடம் சொன்னதில்லை. அந்த வட்டத்தில் சொன்னேன். சொல்லி முடித்ததும் தேவகிதான், "அதான் அந்தப் பையன் அவ்ளோ அமைதியா கீறானா? வயித்துல இருந்தே பஸ் சத்தத்த கேட்டுக்கினு இருந்திருப்பான்" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துக்கொண்டே அழுதேன். மறுநாள் லேபில் என் கை அவ்வளவு லேசாக இருந்தது. அந்தச் சீசன் முழுக்க ஹாலில் பாட்டுச் சத்தம். உட்கார ஸ்டூல் வேண்டும் என்று நாலு பேர் சேர்ந்து போய்க் கேட்டார்கள், முன்பெல்லாம் அப்படிக் கேட்டவர்கள் கிடையாது. ஆகவே, பெண்கள் பேசக்கூடாது என்று நான் சொல்லவருகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே. பேசினதால் எங்களுக்கு வந்தது நிஜமான பலம். பலம் எங்கே இருக்கிறது என்பதும் அதோடு சேர்ந்து வேறு யாருக்கோ தெரிந்துவிட்டது.

அடுத்த வருஷம் பழம் வரும் நேரம். வேன் வந்து நின்றபோது தேவகி அதில் இல்லை. ஸ்டூல் கேட்டவர்களில் ஒருத்திகூட இல்லை. ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தேவகி தானே பஸ் பிடித்துக் கம்பெனி கேட்டுக்கு வந்தாள். மேஸ்திரி, "மேல இருந்து சொன்னவங்களுக்குத்தான் போன் பண்ணேன். எனுக்கு இன்னாமே தெரியும்? ஒடம்பு சரியில்லன்ன, ரெஸ்ட் எடு" என்றான். தன் உடம்பைப் பற்றி அவள் பேசினது அந்த வட்டத்தில் மட்டும்தான், அவனிடம் பேசினதே இல்லை. அதை அவள் கவனித்தாளா தெரியவில்லை. லேப் ஜன்னலிலிருந்து பார்த்த நான் கவனித்தேன். கவனித்துவிட்டு, தற்செயலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குச் சில நாள் கழித்து அவளிடமிருந்து போன். குரலே அவளுடையது மாதிரி இல்லை. மேஸ்திரி அவர்கள் ஊர் டீக்கடையில் அவள் புருஷனைப் பார்த்திருக்கிறான். நாலு பேர் நடுவில், "உன் பொண்டாட்டிக்கு பெஞ்சுல முட்டி இடிக்குதாமேப்பா, பெரிய பெஞ்சா ஒண்ணு வாங்கிக் குடு" என்றிருக்கிறான். விளையாட்டாகத்தான். புருஷன் வீட்டுக்கு வந்து, எந்த பெஞ்ச் என்று கேட்டிருக்கிறான். தேவகி அதற்குப் பிறகு நடந்ததை என்னிடம் சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "யக்கா, முட்டி இடிக்கற விஷயத்த நான் உங்ககிட்ட எல்லாம் மட்டுந்தான சொன்னேன்?" நான் பதில் சொல்வதற்குள் பின்னால் ஒரு ஆண் குரல், "யார்கிட்டமே பேசிக்கினு கீற?" என்றது. போன் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அந்த நம்பர் ஸ்விட்ச் ஆஃப். இன்று வரைக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே வெதுருகுப்பம் போனேன். உன் நைனாவிடம் கோயிலுக்கு என்று சொன்னேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டம்மாவிடம் விசாரித்தால், குரலைத் தாழ்த்தி, "அந்தப் பேச்சு வேணாம்மா. நீ பஸ்ஸுக்குக் கெளம்பு" என்றாள். அரக்கோணத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறாள் என்று ஒருத்தி சொல்கிறாள். குடும்பத்தோடு பெங்களூர் பக்கம் போய்விட்டார்கள் என்று ஒருத்தி. புருஷனை மட்டும் ஊரில் பார்த்ததாக ஒருத்தி. எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. எங்களில் ஒருத்திதான் காட்டிக்கொடுத்தாள் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் போயிருக்கவேண்டும். அந்த ஒருத்தி நான் என்று நினைத்தாளோ என்னவோ.

போனுக்குத் தமிழ் தெரியும் என்று எனக்குப் புரிந்தது அதற்கும் பிறகுதான். உனக்கு வேலை கிடைத்த சேதியைச் சொல்லி லேபில் எல்லாருக்கும் ஸ்வீட் கொடுத்துவிட்டு மேனேஜர் அறைக்கும் போனேன். லட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டபடியே, தெலுங்கில், நல்ல மனிதராகத்தான் சொன்னார்: "ரொம்ப சந்தோஷம் மேடம். நல்லவேளை, அன்னைக்கி அந்த வேலூர் பஸ்ஸை விட்டுட்டீங்க." நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். கதவை மூடிக்கொண்டு வெளியே வந்த பிறகு, வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. அவர் மிரட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவருக்கு அது ஒரு சாதாரணத் தகவல், என் இன்க்ரிமென்ட் மாதிரி. எங்கேயோ ஒரு மேஜையில் ஒருவர் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, என் பஸ் ஸ்டாண்டையும் தேவகியின் முட்டியையும் நல்ல தெலுங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறார். கெட்ட எண்ணம் இருந்திருக்காது. நம்ம பக்கத்துத் தமிழ் தெரிந்த யாரோ ஒரு பையனாக இருக்கலாம். வீட்டுக்குப் போன் செய்து, ஈஸியான வேலை மா என்று சொல்லியிருக்கலாம்.

பேர் போட மாட்டோம் என்கிறாய். தேவகியின் பேரை யாரும் போட்டிருக்கமாட்டார்கள். முட்டி போதுமாக இருந்தது.

நைனாவிடம் நேற்றுச் சாப்பிடும்போது சொன்னேன், மேலோட்டமாக. "உனுக்கு எப்பப் பாத்தாலும் பயந்தான். அவன் எழுதலன்னா இன்னொருத்தன் எழுதப்போறான். இவன் வேல போறதுதான் மிச்சம்" என்றார். அவர் சொல்வதில் தப்பில்லை. நானும் பயந்தவள்தான், நீ ஸ்கூல் டூர் போனபோது பஸ் திரும்பி வரும் வரைக்கும் தண்ணீர்கூடக் குடிக்காமல் வாசலில் நின்றவள். உன் வேலை போய்விடுமோ என்ற பயமும் எனக்கு இதே அளவுக்கு இருக்கிறது. ஆனால் இன்னொருத்தன் எழுதுவதும் நீ எழுதுவதும் ஒன்று இல்லை, கண்ணு. மெஷினுக்குப் புரியாதது உனக்குப் புரியும் என்பதால்தானே உன்னை உட்காரவைக்கிறார்கள். "இன்னாத்த சொல்றது" என்று நகரிப் பொம்பளை ஒருத்தி சிரித்தால், அதற்குப் பின்னால் பெரிதாக ஒன்று வரப்போகிறது என்று மெஷினுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும், நீ அந்தச் சிரிப்பைக் கேட்டு வளர்ந்தவன். வீட்டுக்கு என் சிநேகிதிகள் வந்தால், "பொம்பளைங்க பேச்சு" என்று பாட்டு போட்டுக் காதை அடைத்துக்கொண்டு உள்ளே போவாயே, அப்போதுகூட உனக்கு எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அவர்கள் போன பிறகு, "அந்த அத்த ஏன் மா அழுதுச்சி?" என்று வந்து கேட்பாய். அப்போது உன்னிடம் மழுப்பினேன். பெண்கள் அழுவதை ஆண் பிள்ளைக்கு எதற்குச் சொல்லவேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். நேராகச் சொல்லியிருந்தால், ஒரு பெண் தன் வாயால் உன்னிடம் ஒன்றைச் சொல்வதற்கும், அவளுக்குத் தெரியாமல் நீ கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் உனக்கு இந்நேரம் விளங்கியிருக்கும்.

வேலையை விட்டுவிடு என்று நான் சொல்லமாட்டேன். நான் விடவில்லையே, லட்டு கொடுத்த மறுநாளும் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அதே ஹால் வழியாகப் போனேன். நான் கேட்பது ஒன்றுதான். திங்கட்கிழமை அவர்கள் பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் அந்த அறைக்குள் போய், எல்லாரும் பார்க்க நில். "அக்கா, நீங்க பேசறத நான் கேட்டு எழுதப்போறேன். எனுக்குத் தமிழ் தெரியும். நான் எழுதறத ஆபீஸ்ல படிப்பாங்க" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வா. அதற்குப் பிறகு எதைச் சொல்வது, எதை விழுங்குவது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். போண்டாவில் உப்பு கம்மி என்பதைத் தவிர யாரும் ஒன்றும் பேசாமல் போனாலும், உப்பு கம்மி என்று எழுதிக் கொடு. முதலில் உன் சாரிடம், இப்படிச் சொல்லட்டுமா என்று கேட்டுப் பார். சொல் என்றால் நான் பயந்ததெல்லாம் வீண், சந்தோஷமாக உன்னிடம் திட்டு வாங்கிக்கொள்கிறேன். சொல்லாதே என்றால், அந்தக் கூட்டம் எதற்கு என்பது உனக்கே தெரிந்துவிடும்.

இதை இன்றைக்கே எழுதவேண்டி வந்ததற்குக் காரணம், சாயங்காலம் கோமதி கூப்பிட்டாள். உனக்கு ஞாபகம் இருக்கும், நகரிப் பக்கம் நம் நிலத்துக்கு அடுத்த நிலத்துக்காரர் பெண், உன்னைச் சின்ன வயதில் இடுப்பில் தூக்கிக்கொண்டு கரும்பு ஒடித்துக் கொடுத்தவள். அவள் உன் ஃபேக்டரியில்தான் சேர்ந்திருக்கிறாள், வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது. நீ அங்கே ஆபீஸில் இருப்பது அவளுக்குத் தெரியவில்லை. சும்மா பேசத்தான் கூப்பிட்டாள். "துன்னியா யக்கா?" என்று ஆரம்பித்து, உடனே விஷயத்துக்கு வந்துவிட்டாள். "யக்கா, திங்கக்கெழம எங்களுக்கு ஒரு மீட்டிங் வெக்கிறாங்க. நான்தான் மொதல்ல பேசப்போறேன். எங்க ஷிஃப்ட் ஆளு ஒருத்தன் கீறான், அவன் பண்றத எல்லாம் கொட்டிடப்போறேன். வூட்ல சொன்னா வேலைய வுட்டுட்டு வான்னுவாரு, அத்தொட்டு யார்கிட்டயும் சொல்லல. உள்ளயே வெச்சிக்கினு எனுக்குப் பைத்தியம் புடிக்குது யக்கா. பயம் ஒண்ணும் இல்ல. அந்த மேடத்துக்குத் தமிழ் தெரியாதாம்."

பேசாதே என்று சொன்னால், எவ்வளவோ நாள் அடக்கிவைத்து இப்போதுதான் வாயைத் திறக்கப்போகிறவளின் வாயை நானே அடைத்தவள் ஆவேன். ஏன் என்று கேட்பாள். காரணம் சொன்னால் அது உன் பேரில் வந்து நிற்கும். சொல்லாமல் விட்டால், அந்த ஆள் பெரியவனா கோமதி பெரியவளா என்று ஆபீஸில் யாரோ முடிவு செய்வார்கள், நீ எழுதிக் கொடுத்ததைக் கையில் வைத்துக்கொண்டு. "சரிம்மா, ஒடம்ப பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னேன். அவள், "இன்னா யக்கா, கொரலே ஒரு மாதிரி கீது?" என்றாள். தலைவலி என்றேன்.

என்ன பேசலாம், எப்படி ஆரம்பிக்கலாம் என்று கேட்க ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மறுபடியும் கூப்பிடுகிறேன் என்றிருக்கிறாள். இந்தத் தடவை என்னால் தலைவலி என்று சொல்லமுடியாது. நீ அவளிடமோ, அந்த அறையிலோ சொல்லப்போகிறாய் என்றால் நான் வாயைத் திறக்கமாட்டேன். அவள் அதை உன்னிடமிருந்தே கேட்கட்டும். நீ சொல்லப்போவதில்லை என்றால் நான் சொல்லிவிடுவேன். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்காரப்போவது என் பிள்ளை என்பதையும் சேர்த்து. உனக்கு என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் சரி.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்துக்குள் எனக்குப் பதில் எழுது, கண்ணு.

அம்மா